கீழே அறுக்கலாம், மேலே தட்டக்கூடாது

தண்ணீர் மேலிருந்து கீழேதான் இறங்கும் என்பதை என் வீட்டில் ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் ஒரு கோடை முழுவதும் போய்விட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும் விஷயம் இது. எங்கள் வீட்டில் பட்டம் படித்தவர் இருக்கிறார். வேலைக்கு வந்தவரோ தன்னை இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டார். எல்லோரும் கூடத்தின் நடுவே நின்று அண்ணாந்து பார்த்தார்கள், உச்சுக் கொட்டினார்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். பதில் தெரிந்த நான் அங்கேயே, கையில் காப்பி தம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீடு காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர்கள் தெரு ஒன்றில் இருக்கிறது. கீழ்த்தளம் எங்களுக்கு. மாடி என் கொழுந்தனுக்கு. அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். தன் கல்யாணத்துக்கு முன்னால் மாடியைக் கட்டிக்கொண்டார். கீழே வாசலில் நுழைந்ததும் கூடம். கூடத்தில் தறி. எங்களுடையது குழித்தறி. தரையில் குழி வெட்டி, கால்களை அதற்குள் விட்டு உட்கார்ந்து நெய்கிற தறி. மேலே ஒழுகினால் கட்டிலை நகர்த்தலாம், பீரோவை நகர்த்தலாம். குழியை எங்கே நகர்த்துவது?

நாங்கள் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடா கரைக்கென்று தனியாக ஓட வேண்டும். அதைப் போட்டு வாங்க இன்னோர் ஆள் பக்கத்தில் வேண்டும். எங்கள் தறியில் அந்த ஆள் நான். என் வீட்டுக்காரர் குழியில், நான் அவருக்கு வலப்பக்கம் பலகையில். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சண்டை போட்டதும் சமாதானமானதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அதிலும் தம்பி விஷயம் என்றால் வாய்க்குப் பூட்டே போட்டுவிடுவார். மாமனார் சீக்கிரம் போய்விட்டதால் தம்பியைப் படிக்க வைத்தது, வேலையில் சேர்த்தது எல்லாம் இவர்தான். அந்தத் தம்பி கம்பெனியில் கூட வேலை பார்த்த பெண்ணை விரும்பினார். திருமுக்கூடல் பக்கத்து விவசாயக் குடும்பம். இரண்டு பக்கமும் பேசி முடித்து, பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்று நாள் குறித்தபோதுதான் கொழுந்தனுக்கு எங்கள் கூடத்தைப் பார்த்து வெட்கம் வந்தது.

"அண்ணி, உள்ள வந்ததுமே கயிறும் கொக்கியுமா தொங்கிக்கினு இருக்குது. ஒரு லுக்கே இல்ல. பால்ஸ் சீலிங் போட்டுடலாம்" என்றார்.

சொந்தச் செலவில் செய்கிறேன் என்றார், ஆசைப்பட்டார், நாங்களும் சரி என்றோம். ஜிப்சம் மாவை இரண்டு தடித்த காகிதங்களுக்கு நடுவே வைத்து அழுத்திய பலகைகள் வந்து இறங்கின. கான்கிரீட் கூரைக்குக் கீழே தகரச் சட்டம் கட்டி, பலகைகளை ஸ்க்ரூ போட்டு மாட்டி, சந்துகளில் பட்டி பூசி வெள்ளையடித்துவிட்டால் பார்க்கச் சுவர் மாதிரியே கெட்டியாக இருக்கும். நனைந்தால் டீயில் ஊறிய ரொட்டி. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

வேலை எடுத்தவர், சீலிங் இன்ஜினியர் என்று கார்டு அடித்து வைத்திருந்தவர், தறிக்கு மேலே நின்ற ஜக்கார்டு பெட்டியைப் பார்த்து, "இந்த மிஷினைக் கொஞ்சம் கழட்டி வச்சிட முடியுமா சார்?" என்று கேட்டார். சேலையின் பூவும் மயிலும் அந்தப் பெட்டியிலிருந்துதான் இறங்கி வருகின்றன. என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். நான் பேசினேன். கடைசியில் பெட்டிக்கு மட்டும் இடம் விட்டு, அதைச் சுற்றி நீல விளக்கு வைத்துக் கொடுத்தார்கள். பெண் வீட்டார் வந்து, சாமிக்கு அலங்காரம் பண்ணியது மாதிரி இருக்கிறது என்று கையெடுத்துக் கும்பிடாத குறை. கல்யாணம் நல்லபடி முடிந்தது.

அடுத்துக் கோடை வந்தது. பட்டு நெய்கிறவர்களுக்குக் கோடை என்றாலே பயம். காற்று காய்ந்தால் இழை காயும். காய்ந்த இழை இழுக்க இழுக்க அறுபடும். அறுந்ததைத் தேடிப் பிடித்து முடிந்து, மறுபடி நாடா போட்டு, மறுபடி அறுந்து, நாள் முழுக்க உட்கார்ந்தாலும் சேலை நகராது. அதனால் சித்திரை பிறந்ததுமே ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கும். தரையில் அடிக்கடி தண்ணீர் தெளிப்போம். மின்விசிறியைத் தொடவே மாட்டோம். எங்களுக்குக் காற்று வேண்டும், பட்டுக்கு ஈரம் வேண்டும். எப்போதும் பட்டு சொன்னதுதான் நடக்கும்.

அந்தச் சித்திரையில் இழை அறுபடவில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கூடத்தில் தறி தடையில்லாமல் ஓடியது. சாக்கை நனைப்பதை நானே மறந்துவிட்டேன்.

"சீலிங் போட்டதுலேர்ந்து ஒரு இழை அறுக்கலமா. சூடே எறங்கல பாரு" என்று என் வீட்டுக்காரர் பூரித்துப் போனார்.

"நான் சொன்னேன்ல அண்ணா, ஜிப்சம் ஹீட்ட தடுக்கும்" என்றார் கொழுந்தன்.

விஷயம் தெருவில் பரவியது. மற்ற தறிக்காரர்கள் வந்து கூடத்தில் நின்று, சட்டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டு, "ஏசி கணக்கா இருக்குதுபா" என்றார்கள். இன்ஜினியர் புது வாடிக்கையாளர்களைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் கூடத்தைக் காட்டினார். அவர்களுக்கும் காப்பி போட்டது நான்தான். வேறு யார் வீடாக இருந்தாலும், அக்னி நட்சத்திரத்தில் கூரை சில்லென்று இருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று சந்தேகம் வந்திருக்கும். நாங்கள் நெசவுக்காரர்கள். ஈரம் எந்த வழியாக வந்தாலும் நல்லதுக்குத்தான் என்று வாங்கிக்கொண்டோம். சில வாரங்கள் நானும் அப்படித்தான் இருந்தேன்.

பிறகு மூக்கில் உறைத்தது. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளுக்குப் போட்ட கஞ்சி வாசனை என்றார் அவர். கஞ்சி வாசனை எனக்குத் தெரியாதா? அப்புறம் சீலிங்கில், அவர் தலைக்கு நேர் மேலே, டீ சிந்தியது மாதிரி ஒரு வட்டம் தெரிந்தது.

"லைட்டு வெளிச்சம் அப்படித் தெரியுது" என்றார்.

"நீல லைட்டுக்குப் பழுப்பா வட்டம் தெரியுமாங்க?" என்றேன். அவர் நாடாவைப் போட்டார்.

நான் கவனிக்க ஆரம்பித்தேன். கொழுந்தன் காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் தடதடவென்று குளித்துவிட்டு ஓடுவார். நாங்கள் தறியில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வட்டத்தின் ஓரம் பளபளக்கும். மாடியின் குளியலறை எங்கள் தறிக்கு மேலேதான் வருகிறது. ஒரு முறை கொழுந்தனும் அவர் மனைவியும் பெண்ணின் ஊரில் திருவிழா என்று போய்ச் சில நாள் தங்கிவிட்டார்கள். வட்டம் காய்ந்தது. அதோடு தறியில் இழை பட்பட்டென்று அறுபட ஆரம்பித்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு பாவைப் பார்க்கிறார், நான் சீலிங்கைப் பார்க்கிறேன். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

"உங்க தம்பி குளிச்சா இழை அறுக்கல. குளிக்கலனா அறுக்குது. புரியுதா?" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. முகத்திலேயே தெரிந்தது. ஆனால் புரிந்ததை வெளியே சொன்னால் தம்பியிடம் பேச வேண்டிவரும். "அவன் வரட்டும், பாக்கலாம்" என்றார். அந்தப் 'பாக்கலாம்' எனக்கு இருபது வருஷப் பழக்கம். அதற்கு ஒரு நாளும் வேறு அர்த்தம் இருந்ததில்லை.

கொழுந்தன் வந்ததும் நானே சொன்னேன். அவர் மறுநாளே இன்ஜினியரை அனுப்பினார். வந்தவர் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "சீப்பேஜ்மா, தண்ணி கசியுது" என்றார்.

"எங்கேர்ந்து?"

"சொல்ல முடியாதுமா. மழைத்தண்ணியா இருக்கும்."

"மழையே பெய்யாத சித்திரையில எங்கேர்ந்துபா மழைத்தண்ணி வரும்? மேல பாத்ரூம் இருக்குது, ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க."

"நாங்க சீலிங் மட்டும்தான்மா பாப்போம். ப்ளம்பிங் எங்க வேலை இல்ல."

கறை படிந்த இடத்தைச் சதுரமாக அறுத்து எடுத்தார்கள். உள்ளே தகரச் சட்டம் துரு பிடித்திருந்தது. மேலே கான்கிரீட்டில் நீர்க்கோடு தெரிந்தது. அண்ணாந்து பார்த்த யாருக்கும் தெரிந்திருக்கும். அதை மறைத்துப் புதுத் துண்டைப் பொருத்தி, சந்தில் டேப் ஒட்டி, பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். தறியைப் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு மூடியிருந்தோம். அதற்கு மேலே பழைய வேட்டிகளும் போட்டேன். இருந்தும் அந்த வெள்ளைத் தூள் எப்படியோ உள்ளே இறங்கி, பாவு நுழைகிற அச்சின் பற்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. அதைத் துலக்கி எடுக்க ஒரு முழு நாள் எனக்குப் பிடித்தது. இன்ஜினியர் அதற்குள் தெருக்கோடியில் வேறொரு வீட்டில் அளவு எடுத்துக்கொண்டிருந்தார்.

புதுத் துண்டு சில நாள் வெள்ளையாக இருந்தது. பிறகு நடுவில் பழுத்தது. நான் மாடிக்குப் போய்ச் சொன்னேன்: குளியலறைத் தரையை உடைத்து, எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பார்க்காமல் இது தீராது.

கொழுந்தன் தயங்கினார். "அண்ணி, இவ மாசமா இருக்கறா. இந்த நேரத்துல வீட்டுல ஒடைக்கக் கூடாதுன்னு அத்தை சொல்றாங்க."

அத்தை என்றது அவருடைய மாமியாரை. மகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தார். எனக்குத் தெரியாத சாஸ்திரம் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் சுவரை இடிக்க மாட்டார்கள், தரையைத் தோண்ட மாட்டார்கள், காலண்டர் மாட்ட ஓர் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். என் வயிற்றில் பிள்ளை இருந்தபோது நானும் இதையெல்லாம் பார்த்தவள்தான். அந்தப் பெண்ணும் தங்கமானவள். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவள். அவளுக்கு ஒன்று ஆகட்டும் என்று நினைப்பேனா? ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருந்தது.

"அப்ப கீழ ரம்பம் போட்டு அறுத்தாங்களே, அது மட்டும் பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"கீழ வேற வாசல், வேற அடுப்பு. அது வேற வீட்டுக் கணக்குதானேமா?" என்றார் அந்த அம்மாள்.

கல்யாணத்துக்கு, சீமந்தத்துக்கு, பொங்கலுக்கு என்றால் ஒரே வீடு. கீழ் அடுப்பில் வடை தட்டினால் மாடிக்குப் போகும். ஒழுகும்போது மட்டும் வேறு வீடு! மேலிருந்து தண்ணீர் எங்கள் வீட்டுக்கு வாசல் கேட்டுக்கொண்டா வந்தது? எனக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

மறுபடி இன்ஜினியர் வந்தார். மாடியிலிருந்து அந்த அம்மாள் இறங்கி வந்து, "ஆணி கீணி அடிப்பீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லமா, ஸ்க்ரூதான். திருகறது மட்டும்தான், அடிக்கறது கிடையாது."

அம்மாளுக்குத் திருப்தியாகிவிட்டது. திருகினால் தோஷமில்லை! நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை பச்சை நிறத்தில் ஒரு பலகை கொண்டுவந்திருந்தார்கள். தண்ணீர் புகாத பலகையாம். குளியலறைகளுக்கே இதைத்தான் போடுவார்களாம்.

"இது வழியா தண்ணி எறங்காதுன்னா, தண்ணி எங்கபா போவும்?" என்று கேட்டேன்.

"மேலயே நிக்கும்மா."

"நின்னா கனக்காதா?"

"ஆவியாயிடும்மா, கவலைப்படாதீங்க."

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் என்னை அதிகம் எரித்தது. இன்ஜினியருக்கு அடுத்த வீட்டு வேலை. கொழுந்தனுக்கு டைல்ஸ், அதே டிசைன் இப்போது கிடைக்காது என்று அண்ணனிடம் வேறு புலம்பியிருக்கிறார். அந்த அம்மாளுக்கு மகளின் வயிறு. எல்லோரும் அவரவர் பொருளைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். அந்தச் சீலிங்குக்கு நேர் கீழே விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் இவர் ஒருவர்தான். எனக்குச் சீலிங்கும் வேண்டாம், நீல விளக்கும் வேண்டாம். அந்தத் தலை எனக்கு வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் அவர். அவரோ, "பாவம், வேற வீட்டுப் பொண்ணு நம்மள நம்பி வந்திருக்குது, அது மனசு நோகக் கூடாது" என்கிறார்.

பச்சைப் பலகை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அதன் வழியாக ஒரு சொட்டும் இறங்கவில்லை. அவர் தலைக்கு மேலே வெள்ளை அப்படியே இருந்தது. ஆனால் அந்தப் பலகைக்கும் பக்கத்துப் பழைய பலகைக்கும் நடுவே மயிரிழை போல ஒரு விரிசல் விட்டிருந்தது. பழைய பலகை மெதுவாகக் கீழே தொங்க ஆரம்பித்தது.

"இதுவும் மாசமா இருக்குது போல. இதையும் தட்டக்கூடாதா?" என்று அவரிடம் கேட்டேன்.

"வாயைக் கட்டு, மேல கேட்கப்போவுது."

"கேக்கட்டும். இதைச் சரி பண்றவரைக்கும் தறியில ஒக்காராதீங்கனு சொன்னா கேக்க மாட்டீங்க. ஒக்கார்ந்துக்கினே பேசாம இருப்பீங்க."

"பாவு மேல ஏத்தியாச்சு. பாதியில வுட்டா பட்டு எளகிடும். நான் பாத்துக்கினேதான் நெய்யறேன்."

நெய்கிறவர் கண் எங்கே இருக்கும்? இழையில் இருக்கும். அதனால் நான் பார்த்துக்கொண்டேன். கரை நாடாவைப் போடுவதும், அண்ணாந்து அவர் தலைக்கு மேலே இருந்த விரிசலைப் பார்ப்பதுமாக நாட்கள் போயின. நெசவு வேலையை விட்டுவிட்டுக் காவல் வேலை பார்ப்பது போல இருந்தது. கரையில் இரண்டு இடத்தில் பிசகியதற்கு அவர் முகம் சுளித்தார். அப்போதும் சீலிங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை. நாங்கள் உட்கார்ந்து தறி சூடு பிடித்திருந்த நேரம். மாடியில் யாரோ குழாயைத் திறந்துவிட்டு மறந்துவிட்டார்கள். தண்ணீர் கொட்டுகிற சத்தம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது. விரிசல் ஈரமாகி, ஒரு சொட்டு திரண்டு நின்றது. அவரைப் பார்த்தேன். அவர் இழையைப் பார்த்தார். நாடாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

"எங்க போற? கரை பாதியில நிக்குது."

"நிக்கட்டும். நீங்க பேச மாட்டீங்க, நான் பேசிட்டு வரேன்."

"காலங்காத்தால எதுக்குமா சண்டை?" என்றார். நான் படியேறிவிட்டேன்.

மாடியில் கொழுந்தன் அன்று விடுமுறையில் இருந்தார். நான் முதலில் குழாயை மூடினேன். பிறகு வாயைத் திறந்தேன். இத்தனை நாளாக விழுங்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது. அந்த அம்மாள் குறுக்கே வந்து, "புள்ளத்தாச்சி முன்னாடி இப்படிக் கத்தறியேமா, அது காதுல விழலாமா?" என்றார்.

"காதுல விழலாம். என் வீட்டுக்காரர் தலையில விழலாமா?" என்றேன்.

அந்த நேரத்தில்தான் கீழே சத்தம் கேட்டது. மூட்டையைத் தரையில் போட்டது மாதிரி ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து தகரம் வளைகிற ஓசை. எனக்குக் கால்கள் எப்படிப் படியிறங்கின என்று தெரியாது.

கூடத்தில் நீல விளக்கின் வயர் அறுந்து தொங்கியது. முதலில் மெயினை அணைத்தேன். பிறகுதான் அவரைப் பார்த்தேன். குழியிலிருந்து வெளியே வரவில்லை. இரண்டு கைகளையும் விரித்துப் பாவின் மேல் குப்புறக் கவிழ்ந்திருந்தார். தலையிலும் முதுகிலும் ஈரச் சுண்ணாம்புச் சக்கை. ஒரு நொடி எனக்கு உயிரே இல்லை. பிறகு அவர் தலை அசைந்தது. அடி எதுவும் இல்லை, முழங்கையில் ஒரு சிராய்ப்பு மட்டும். பலகை சரிவது தெரிந்ததும் மனிதர் குழியை விட்டு ஏறி ஓடவில்லை. பட்டு நனையக் கூடாதென்று அதன் மேல் படுத்துவிட்டார்!

நான் கத்திய கத்தலில் தெரு கூடிவிட்டது. "நூலுக்குக் குடை புடிக்கறீங்களா? அறிவு இருக்குதா உங்களுக்கு? உங்க முதுகுக்கு மேல யாரு படுப்பா?" என்று என்னென்னவோ கேட்டேன். வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது.

அவர் என்னையும் பார்க்கவில்லை, பாவையும் பார்க்கவில்லை. தனக்கு வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அங்கே பார்த்தேன். பழைய பலகை முழுசாக அங்கேதான் விழுந்திருந்தது. கூடவே அதைத் தாங்கிய தகரச் சட்டமும் வந்திருந்தது. நான் உட்காரும் பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. அவர் மேல் தெறித்தது வெறும் சிதறல். தண்ணீர் பச்சைப் பலகையின் மேல் வழிந்தோடி, என் தலைக்கு மேலேதான் போய்ச் சேர்ந்திருந்தது. நான் ஒரு மாதமாக அவர் தலைக்கு மேலே மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் கையை நீட்டி அந்த ஈரக் குவியலைத் தொட்டார். "நீ இங்கதான் ஒக்கார்ந்து இருந்த" என்றார்.

பிறகு குழியிலிருந்து ஏறினார். மேலெல்லாம் வெள்ளையாக, அப்படியே மாடிப்படி ஏறினார். நான் பின்னாலேயே போனேன். படிகளில் எல்லாம் அவருடைய ஈரக் காலடி.

தம்பியிடம் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. "டேய், நாளைக்கு ஆள் வருவாங்க. உன் பாத்ரூம் தரைய ஒடைக்கப் போறோம்" என்றார்.

"அண்ணா, அத்தை வந்து... புள்ளத்தாச்சி..."

"என் பொண்டாட்டி ஒக்கார்ற எடத்துல உழுந்துச்சுடா."

அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் கும்பிட்டுவிட்டு, அதே வாக்கியத்தை அவரிடமும் சொன்னார். உள்ளறையிலிருந்து அந்தப் பெண்தான் எழுந்து வந்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "இடிங்க மாமா. நான் அம்மாவோட ஊருக்குப் போயிட்டு, வேலை முடிஞ்சதும் வரேன்" என்றாள். இதற்குத்தான் ஒரு கோடை முழுக்கக் காத்திருந்தோம். அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள். என்னைக் கேட்காத மாதிரியே அவளையும் யாரும் கேட்கவில்லை.

டைல்ஸை உடைத்துப் பார்த்தபோது, தண்ணீர் வெளியேறும் குழாயின் இணைப்பில் பசையே போடாமல் சொருகி விட்டிருந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்து, தரையைப் பூசி, தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்தோம். கீழே கான்கிரீட் காய்ந்தது. கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டு, புதுச் சீலிங் போட்டுத் தருகிறேன் அண்ணி என்றார். மிச்சம் இருந்ததையும் கழற்றச் சொன்னேன். கயிறும் கொக்கியுமாகவே இருக்கட்டும், மேலே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

தச்சர் புதுப் பலகை செய்து கொடுத்தார். அதில் உட்கார்ந்த முதல் நாள் எனக்கு வேலை ஓடவில்லை. நெஞ்சில் ஒரு கடுப்பு அப்படியே இருந்தது. எல்லோர் மேலும் இருந்த கோபம் ஒருவழியாக இறங்கிவிட்டது. இவர் மேல் இருந்தது மட்டும் இறங்கவில்லை. நாடாவைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டேன்.

"கோடை பூரா உங்க தலை, உங்க தலைன்னு கத்தினேன். அப்பெல்லாம் எழுந்து போகல. என் எடத்துல உழுந்ததும் போனீங்களே, உங்க தலையில உழுந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் இழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்குப் பேசத்தான் நீ இருக்கியேமா. உனக்குப் பேச யாரு இருக்காங்க, என்னை வுட்டா?" என்றார்.

அவருக்குத் தெரியாமல் முந்தானையில் கண்ணைத் துடைத்தேன். ஆனாலும் இதைச் சொல்ல இத்தனை நாளா?

"அடுத்த வாட்டி உழறதுக்கு முன்னாடியே பேசுங்க" என்றேன்.

சரி என்று தலையாட்டினார். நான் நம்பவில்லை.